தேங்காயெண்ணெய் பூசிய கூர்க்குண்டு

என் மனுசன் சத்தம் தாங்காதவர். யாராவது கதவை அடித்துச் சாத்தினால் கையிலிருக்கும் தேத்தண்ணி சிந்தும். வருசப்பிறப்புக்கு ஜெர்மன்காரர் வெடி கொளுத்தத் தொடங்கினால் சன்னலில்லாத குளியலறைக்குள் போய் இருந்துவிடுவார். ஊரில் என்னென்ன கேட்டாரென்று அவர் சொன்னதில்லை, நானும் கிண்டியதில்லை. அதே சத்தங்களுக்குள் வளர்ந்தவள்தான் நானும். எனக்கு அது கோபமாக மாறிவிட்டது. அவருக்குள் அப்படியே இருந்துவிட்டது.

அப்படிப்பட்ட மனுசனைக் கட்டிய நான் போய்ச் சேர்ந்தது துவக்குச் சுடும் சங்கத்தில். வுப்பர்டாலில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்து ஜெர்மன்காரி ஒருத்தி, சும்மா வந்து பார் என்று ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனாள். பார்க்கப் போனவள் அங்கேயே ஒட்டிக்கொண்டேன்.

அது பழைய காலத்து மாதிரியான துவக்கு. என் சுண்டுவிரல்கூட நுழையாத குழல். அதன் வாய்வழியே வெடிமருந்தை அளந்து கொட்டி, மேலே ஈயக்குண்டை வைத்து, நீளக் கோலால் அடிமட்டும் தள்ள வேண்டும். பிறகு பின்பக்கத்தில் ஒரு சின்னச் செப்புத் தொப்பியை மாட்ட வேண்டும். விசையை இழுத்தால் சுத்தியல் அந்தத் தொப்பியில் விழும், அப்போதுதான் வெடிக்கும். கிழமை முழுக்கக் கிழவர்களுக்கு மருந்து கொடுக்கிறவள் சனிக்கிழமை துவக்குக்கு மருந்து போடுகிறாள் என்று என் தங்கச்சி எசன் நகரத்திலிருந்து போனெடுத்து நக்கலடிப்பாள். அடிக்கட்டும். வாழ்க்கையில் நான் அவசரப்படாமல் செய்கிற ஒரே காரியம் அதுதான்.

ஆனால் வீட்டுக்கு வந்தால் என் சட்டையில் வெடிமருந்து மணக்கும். அவர் சாப்பிட்டுவிட்டுத் தலையணையை எடுத்துக்கொண்டு ஹோலுக்குப் படுக்கப் போய்விடுவார். நிப்பாட்டட்டோ என்று ஒருநாள் கேட்டேன். வேண்டாம் என்றார். அந்த வேண்டாம் அவருடைய வாயிலிருந்து மட்டுந்தான் வந்தது. எனக்குத் துவக்கும் வேணும், இந்த மனுசனும் வேணும். இரண்டில் ஒன்றுதான் என்றால் எதை விடுவேன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இந்தக் குளிர்காலத்தோடு விட்டுவிடுவது என்று மனதுக்குள் தீர்மானித்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை பஸ்காரர் வேலைநிறுத்தம். தானே கொண்டுபோய் விடுவதாக என் மனுசன் சொன்னார். சங்கத்தின் வாசலில் காரை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளேயே இருந்துகொண்டார். பஸ் ஓடாததால் சுட வந்தவள் நான் ஒருத்திதான். மேற்பார்வைக்கு ஒரு பெரியவர் இருந்தார்.

நான் வழமையாகத் துணியில் சுற்றிப் போடும் உருண்டைக் குண்டுதான் சுடுவேன். அன்றைக்குக் கூர்க்குண்டை முதன்முதலாகச் சுட்டுப் பார்க்கப் போனேன். நீளமான கூர்க்குண்டை அந்தக் குழலின் உள்வரிகள் போதுமானளவு சுழற்றாதாம், குறி வைக்கும் மட்டையில் அது சரிந்து போய்ப் படுமாம். அதனால் பெரியவர் கட்டையானவற்றை எடுத்து வைத்திருந்தார். அவற்றுக்குத் துணி தேவையில்லை, குண்டைச் சுற்றியுள்ள தவாளிப்புப் பள்ளங்களில் கொழுப்புப் பூசினால் போதும். சங்கத்தில் பூசுவது தேன்மெழுகும் மாட்டுக்கொழுப்பும். கோயிலுக்குப் போகிற கையால் நான் அதைத் தொடுவேனா? வீட்டுக் குசினியில் கல்லுப்போல உறைந்துகிடந்த தேங்காயெண்ணெயைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டு போயிருந்தேன். ஜெர்மன் குளிரில் அது என்றைக்கு உருகியது?

முதலில் சில உருண்டைக் குண்டுகளைச் சுட்டேன். குழல் நன்றாகச் சூடாகிவிட்டது. பிறகு தேங்காயெண்ணெய் பூசிய கூர்க்குண்டைத் தள்ளி இறக்கி, குறி வைத்து, விசையை இழுத்தேன். தொப்பி மட்டும் டிக் என்றது. எண்ணெய் உருகி இறங்கி மருந்தை ஊறவைத்துவிட்டது. பெரியவர் பொறு என்று கையைக் காட்டினார், பிந்தியும் வெடிக்கலாமாம். குழலை மட்டையின் பக்கமே பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றோம். கடைசியில் அவர் பின்பக்கத்தால் காற்றடித்துக் குண்டை வெளியே தள்ளினார். ஈரக் கரிமருந்து தேங்காயெண்ணெய் மணத்தோடு வழிந்தது.

திரும்பிப் பார்த்தால் கதவடியில் என் மனுசன். முகம் வெளுத்திருந்தது.

"பிறகு சத்தம் ஒண்டும் கேக்கேல்லை. உமக்கு ஏதும் நடந்திட்டுதோ எண்டு வந்தனான்."

நடந்ததைச் சொன்னேன். அவர் குனிந்து அந்த ஈரத்தை மணந்து பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார், கண்ணால் தண்ணீர் வரும்வரைக்கும். எனக்கு அழுகைதான் வந்தது. சத்தத்துக்குப் பயந்த மனுசன் எனக்காக அந்தக் கதவைத் தாண்டி வந்திருந்தார்.

பெரியவர் குழலைத் துடைத்துத் தந்து, மெழுகும் கொழுப்பும் பூசிய குண்டொன்றைத் தானே எடுத்து வைத்தார். மருந்தையும் குண்டையும் போட்டேன். இனி என் மனுசன் வெளியே போய்விடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. சுவரில் தொங்கிய காதுமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

துவக்கைத் தாங்கியில் சாய்த்துவிட்டு, தொப்பியை மாட்டாமல் விரல்களுக்கிடையில் பிடித்தபடி அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

"இஞ்சாருங்கோ, வெடி வைக்கட்டே?"

அவர் தாங்கியில் சாய்ந்திருந்த துவக்கைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டாவிட்டால் அதை டப்பாவுக்குள் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக எனக்கு உண்மையாகவே சம்மதம். அவருடைய உதடுகள் அசைந்தன. என் காதும் மூடியிருந்தது, ஆனாலும் எனக்கு விளங்கியது.

"ஓம், வையும்."

தன்னைக் கேட்டுவிட்டு வெடித்த துவக்கை அவர் தன் வாழ்நாளில் அன்றைக்குத்தான் கண்டார்.