எல்லாத்திலும் இரண்டாவது

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அரியாலையில் எங்கள் கிரிக்கெட் கழகத்தில் நான் எல்லா வேலைக்கும் இருந்தேன். முதலில் துடுப்பெடுத்தாடுகிறவனுக்குக் காய்ச்சல் என்றால் நான் இறங்குவேன். பந்து வீசுகிறவன் களைத்தால் பந்து என் கைக்கு வரும். விக்கெட் காப்பாளன் கலியாண வீட்டுக்குப் போனால் கையுறையும் எனக்குத்தான். இதைத் திறமை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு எங்களுக்குப் புதுச் செயலாளர் வாய்த்தார். கொழும்பில் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் கணக்குப் பார்த்தவர். எண்பத்துமூன்றுக் கலவரத்தோடு ஊருக்கு வந்தவர். கணக்குப் பார்க்க ஒன்றும் கிடைக்காமல் தவித்த மனிதரிடம் எங்கள் பழைய ஸ்கோர்ப் புத்தகங்களைக் கொடுத்துவிட்டார்கள். போர்க்காலம், குடாநாட்டுக்குப் பற்றரி வர அரசாங்கம் தடை போட்டிருந்ததால் தப்பிவிடுவோம் என்று நினைத்தோம். அவரிடம் வெயிலில் வேலை செய்கிற கல்குலேற்றர் இருந்தது. வெயிலை யாரும் தடை செய்யவில்லை.

ஒரு பின்னேரம் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீர் ஒண்டிலையும் முதலாவது இல்லை."

"அப்ப எத்தினையாவது, அண்ணை?"

"எல்லாத்திலையும் இரண்டாவது. இரண்டாவது ஆளுக்கு அணியிலை இடமில்லை. ஆனா நீர் நல்லா ஓடுறீர். இனி எல்லைக்கோட்டிலை மட்டும் நில்லும்."

அணித் தலைவர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். கணக்கு விளங்காதபோது தலையாட்டுவது அவர் வழக்கம். ஆக, காப்பாளனுக்குப் பின்னால் வெகுதூரத்தில், வடலிப் பனைகளுக்குப் பக்கத்தில் நான் நிபுணனானேன். பந்து எப்போதாவது வந்தது. ஆடுகள் அடிக்கடி வந்தன.

தெல்லிப்பழை அணியோடு விளையாடிய அன்று எங்கள் காப்பாளனுக்கு விரல் பிசகிவிட்டது. தலைவர் என்னைப் பார்த்தார். நான் அரைவாசித் தூரம் வந்தும்விட்டேன்.

"அவரை அசைக்காதேங்கோ," என்றார் செயலாளர், வெளியிலிருந்து. "அவர் அந்த இடத்துக்கெண்டு ஒதுக்கின ஆள்."

கையுறை ஒரு பந்துவீச்சாளனுக்குப் போனது. அவன் வாழ்க்கையில் அதை மாட்டியதில்லை. இடதும் வலதும் மாறிப் போட்டான். அதன்பின் அவன் விட்ட பந்தெல்லாம் நேரே என்னிடம் வந்தது. முன்னால் நின்று பிடிக்க வேண்டியதைப் பின்னால் ஓடி ஓடி மறித்தேன். மறித்ததைவிடப் போனதே அதிகம். தோற்றோம்.

செயலாளருக்கு முகம் மலர்ந்திருந்தது. "பாத்தீரே? எல்லைக்கோட்டிலை இண்டைக்கு உம்மளவுக்கு ஆரும் மறிக்கேல்லை."

"ஓம் அண்ணை," என்றேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் அளவெட்டியில் ஒரு அணிக்கு ஆள் போதாது என்று கேள்விப்பட்டுப் போனேன். அவர்களின் தலைவன் என்னைவிட இளையவன்.

"அண்ணை, நீங்கள் என்ன செய்வியள்?"

"உங்களிட்டை என்ன இல்லை?"

அவன் யோசித்தான். "கீப்பர் இல்லை. ஸ்பின் போடவும் ஆளில்லை."

அன்று முதலில் பந்து வீசினேன், பிறகு கையுறை மாட்டினேன், கடைசியில் துடுப்பும் பிடித்தேன். தோற்றுத்தான் போனோம். திரும்பி வரும் வழியெல்லாம் கால் நோவெடுத்தது. அடுத்த ஞாயிறும் போனேன்.