நடுவரம்மா எழுதிய கடிதம்

இடைக்காலச் சமயங்களைப் பற்றிப் பேசும் மின்னஞ்சல் குழுவை ஒரு வருடம் மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான் அவர் தலையில் கட்டினார்கள். பத்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. கல்லூரியில் வரலாறு கற்பித்த வேலையிலிருந்துகூட ஓய்வு கிடைத்துவிட்டது, இதிலிருந்து கிடைக்கவில்லை. குழுவில் எல்லாருக்கும் அவர் நடுவரம்மா.

படித்தவர்கள் போடும் சண்டை தனி ரகம். "மதிப்பிற்குரிய நண்பர்" என்று ஆரம்பித்து, நாலாவது வரியில் நண்பரின் பரம்பரையையே இழுப்பார்கள். ஒருவர் கும்பிடுவதை இன்னொருவர் மூடத்தனம் என்பார். போன சண்டையோடு நடுவரம்மாவுக்கு வெறுத்துப்போய், தன் அனுமதி இல்லாமல் எந்தக் கடிதமும் குழுவுக்குப் போகாதபடி செய்துவிட்டார். ஆதாரம் வேண்டும், சொந்தக் கதை கூடாது, நடுவர் கட்சி சேரக் கூடாது என்ற விதிகளும் அவர் போட்டவைதான். அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

"விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?" என்றார் கணவர், தேநீரை மேசையில் வைத்தபடி.

"நான் விட்டாலும் அவங்க விடணுமே. கேட்டுப் பாத்தாச்சுங்க. ரெண்டு கட்சியும் ஒத்துப்போன ஒரே விஷயம், நான் இருக்கணுங்கறதுதான்."

"நீ வாயத் திறக்கறதில்ல, அதான். என்கிட்ட பேசற மாதிரி ஒரு நாள் அங்க பேசிப் பாரு. அன்னிக்கே அனுப்பிடுவாங்க."

கணவர் கேலியாகத்தான் சொன்னார். நடுவரம்மா அதைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வாரம் குழுவில், தேவாலயச் சுவரை ஒட்டிய அறைக்குள் போய், வாசலை அடைத்துக்கொண்டு, ஒரே ஒரு ஜன்னலோடு ஆயுள் முழுக்க இருந்த அந்தக் காலத்துப் பெண்களைப் பற்றிப் பேச்சு. பக்தியின் உச்சம் என்றது ஒரு கட்சி. வீட்டார் தள்ளிவிட்ட பாவங்கள் என்றது மறு கட்சி. அத்தனை பேரின் கோபத்தையும் தட்டிக்கொட்டிச் சரிசெய்து அனுப்பிவிட்டு, நடுவரம்மா தன் கடிதத்தை எழுதினார்.

"மனதார உள்ளே போனவளுக்கும் ஒருநாள் வெளியே வரத் தோன்றியிருக்கும். ஜன்னலுக்கு வந்தவர்கள் எல்லாரும் தங்கள் குறையைச் சொல்லிப் புத்திமதி கேட்டுப் போனார்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று அவளை யாராவது கேட்டார்களா? எனக்குத் தெரியும், கேட்டிருக்க மாட்டார்கள்."

அனுப்பினார். இரண்டு கட்சியும் சேர்ந்து தன்னைத் துரத்தட்டும் என்று ஆசையாகக் காத்திருந்தார்.

கணினியில் மணி அடித்தது. நடுவரின் அனுமதிக்காக ஒரு கடிதம் வந்திருக்கிறது என்றது. திறந்தார். அவருடையதுதான்.

மற்றவர்களுடையதைப் படிப்பது போலவே அதையும் படித்தார், அந்தப் பழக்கத்தை அவரால் நிறுத்த முடியவில்லை. ஆதாரம் எங்கே? கடைசி வரி சொந்தக் கதை. இதே கடிதத்தை வேறு யாராவது எழுதியிருந்தால் விட்டிருப்போமா?

"என்ன, அனுப்பிட்டியா?" கணவர் உள்ளேயிருந்து கேட்டார்.

"வந்திருக்கு. பாத்துட்டிருக்கேன்."

மற்றவர்களுக்குச் செய்வதையே தனக்கும் செய்தார். சற்று நேரத்தில் அவருடைய அஞ்சலுக்குப் பதில் வந்து சேர்ந்தது. "மதிப்பிற்குரிய உறுப்பினருக்கு, தங்கள் கடிதம் பொருளைவிட்டு விலகுவதால் வெளியிட இயலவில்லை. தாங்கள் தொடர்ந்து பங்கேற்க வேண்டுகிறேன். நடுவர்."

எவ்வளவு பணிவாக எழுதியிருக்கிறது என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, காத்திருந்த அடுத்த கடிதத்தைத் திறந்தார்.