வழக்கு முடியும்வரை பல் கட்டுவதில்லை

மண்வெட்டிக் காம்பு மேல்வரிசையில் இறங்கியபோது வலி உடனே வரவில்லை. முதலில் சத்தம்தான் கேட்டது. காய்ந்த பருத்திமாரை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம். கரிசலில் குப்புற விழுந்து துப்பினேன். முன்பற்கள் மூன்று வந்தன. இரண்டு பாதி ஒடிந்து, ஒன்று வேரோடு.

அடித்தவன் என் தம்பி. பசுவந்தனைக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன நிலத்தில் எங்களுக்கு நடுவே ஒரு வரப்பு. அவன் டிராக்டர் ஓட்டும்போதெல்லாம் அது என் பக்கம் நகர்ந்தது. சர்வே கல் எங்கே என்று கேட்டேன்.

“கல்லா? ஒங்க சட்டமெல்லாம் கோயில்பட்டியோட சரி அண்ணாச்சி. இங்கன வந்து பேசாதீய.”

“ஏலே, களவாணிப் பயலே!”

அதற்குத்தான் காம்பு.

நான் கோயில்பட்டி குற்றவியல் நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பற்களைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடியும்போதே கணக்குப் போட்டுவிட்டேன்: பல் போனால் அது சாதாரணக் காயமல்ல, கொடுங்காயம். தம்பிக்குச் சிறை. ரத்தம் ஒழுக நான் சிரித்ததாகப் பக்கத்துக் காட்டுக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

அரசு மருத்துவமனையில் காயச் சான்று, காவல் நிலையத்தில் புகார், அதன் பிறகுதான் பல் டாக்டர். எதற்கும் ஒரு முறை இருக்கிறது.

டாக்டர் இளம்பெண். “வேரோட விழுந்ததைப் பால்ல போட்டு உடனே கொண்டுவந்திருந்தா திரும்ப நட்டுப் பாத்திருக்கலாமே சார். எங்க அது?”

“போலீஸ்ல. சீல் வச்சாச்சு.”

டாக்டர் மிச்ச வேர்களைக் குறடு போட்டுப் பிடுங்கினார். பிறகு இருக்கிற வழிகளைச் சொன்னார். தாடை எலும்பைத் துளைத்து, டைட்டானியம் திருகாணியை முறுக்கி, அதன் தலையில் பல்லை வைப்பது இம்பிளான்ட். இரண்டு பக்கமும் சிவனே என்று நிற்கிற நல்ல பற்களை முளைபோல அராவி, அவற்றின் மேல் பற்களைப் பாலமாகக் கட்டுவது பிரிட்ஜ். குற்றம் செய்யாத அக்கம்பக்கத்தாரைச் செதுக்குவது. எங்கள் பக்கத்துக் குடும்பச் சண்டைகளும் அப்படித்தான் முடியும். கடைசியாக, கம்பிக் கொக்கி வைத்துக் கழற்றி மாட்டுகிற பிளேட்.

“ஒங்க எலும்புக்கு இம்பிளான்ட் நல்லா நிக்கும் சார்.”

“வழக்கு முடியட்டும். இந்த ஓட்டையை மாஜிஸ்திரேட் கண்ணால பாக்கணும்.”

“அதுவரைக்கும் பிளேட்டாவது மாட்டுங்க. கோர்ட்ல கழத்திக்கலாம்.”

“எதிர்த்தரப்பு வக்கீல் விடுவானாம்மா? முன்னாடியே பொய்ப்பல்தான், அதத்தான் எங்காளு ஒடச்சாருன்னு வாதாடுவான். பொய்ப்பல்லை ஒடச்சாக் கொடுங்காயம் ஆகாது.”

டாக்டர் கையுறையை உருவினார். “பல்லு இல்லாத எலும்பு கரையும் சார். பக்கத்துப் பல்லு சாயும். அதெல்லாம் வாய்தா குடுக்காது.”

நீதிமன்றம் கொடுத்தது, வருஷக்கணக்கில், வாய்தாவுக்கு மேல் வாய்தா. வீட்டில் என் மனைவி, “வாயைத் தொறந்துக்கிட்டே கேஸ் நடத்துங்க, ஈ போயிரும்” என்று கஞ்சியை வைத்துவிட்டுப் போவாள். ஒருநாள் பஸ் நிலையத்தில் தம்பி சீடைப் பொட்டலத்தை நீட்டினான். “அண்ணாச்சி, திங்கீயளா?” என் விரல்கள் அவன் குரல்வளையில் இருந்தன. தண்டனைச் சட்டத்தின் ஒரு பிரிவுகூட அப்போது நினைவுக்கு வரவில்லை. அவன் கண் பிதுங்கிய பிறகுதான் கண்டக்டர்கள் பிரித்துவிட்டார்கள்.

சாட்சிக் கூண்டில் ஏறியதும் வாயை அகலத் திறந்தேன். மாஜிஸ்திரேட் தலை நிமிரவில்லை. “சான்று இருக்கு, எக்ஸ்ரே இருக்கு. வாயை மூடுங்க.”

கொடுங்காயம் நிரூபணமானது. தண்டனை: அபராதம், நீதிமன்றம் கலையும்வரை சிறை. அந்த வாக்கியத்தை எத்தனையோ வழக்குக் கட்டுகளில் பார்த்து, பாதிக்கப்பட்டவனை நினைக்காமல் முடிச்சுப் போட்டவன் நான். தம்பி சாயங்காலம்வரை பெஞ்சில் தூங்கிவிட்டுப் பசுவந்தனை பஸ் ஏறினான்.

மறுநாள் டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு கத்திமுனைபோல் மெலிந்திருந்தது, திருகாணி நிற்காது. பக்கத்துப் பற்கள் சாய்ந்து ஆடின, பாலம் தாங்காது. பிளேட்தான். அளவெடுக்கிற மாவை அண்ணத்தில் அப்பித் தொண்டைவரை அழுத்தினார்.

பிளேட் தயாரானதும் அதை மாட்டி, பற்களுக்கு நடுவே கடி பதிகிற நீலத்தாளை வைத்தார். “கடிங்க. இன்னும் கொஞ்சம்.”

தம்பியின் முன்கையை நினைத்துக் கடித்தேன். கொக்கி தெறித்தது.

டாக்டர் அதை இடுக்கியால் வளைத்துச் சரிசெய்தார். “இவ்வளவு வேகம் ஆகாது சார். இது இட்லிக்கு மட்டுந்தான்.”