சில இடங்களில் மழை

காலை ஏழேகாலுக்கு என் கைத்தொலைபேசி அடித்தால் யாரென்று பார்க்கவே தேவையில்லை. அந்த மாசி மாதம் முழுவதும் அப்படித்தான். ஒரு கையில் பிளேன்டீக் கோப்பை, மறு கையில் கொழும்பிலிருந்து வந்த வானிலை அறிவித்தல். இரண்டையும் வைக்க இடமில்லாத மேசையில் அது கிடந்து அதிரும். எடுத்ததும், "சேர், நான் தலைவி பேசுறேன்" என்பார். வேறு யார் அந்த நேரத்தில் என்னை நினைக்கப் போகிறார்கள்?

தெரணியகலைப் பக்கத்து அரச அலுவலகம் ஒன்றில் நான் அப்போது மொழிபெயர்ப்பாளன். சொந்த ஊர் யாழ்ப்பாணம். சிங்களத்தில் வருவதைத் தமிழாக்கித் தோட்டங்களுக்கு அனுப்புவது வேலை. வானிலை அறிவித்தல் தினமும் வரும். சப்ரகமுவ மாகாணத்தின் சில இடங்களில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர் மழையோ இடியுடன் கூடிய மழையோ பெய்யக்கூடும். நேற்றும் இதுதான், இன்றும் இதுதான். திகதியை மட்டும் மாற்றி அனுப்பிய நாட்களும் உண்டு. சும்மா சொல்லக்கூடாது, அந்த ஒரு வசனத்தை மொழிபெயர்த்தே எனக்கு அலுத்துப்போயிருந்தது.

தலைவி என்றால் தோட்டத்து மாதர் சங்கத் தலைவி. றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். ஐம்பது வயதிருக்கும். ஒரு கூட்டத்தில் நான் பெரிய மனிதத் தோரணையில், "சந்தேகம் இருந்தால் எப்பவும் கேளுங்கோ" என்று சொல்லி என் இலக்கத்தைப் பலகையில் எழுதினேன். நாற்பது பேர் பார்த்தார்கள். அதை நம்பி எழுதிக்கொண்டவர் இவர் ஒருவர்தான். முதல் நாளே கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது.

"சில இடம்னு போட்டிருக்கே சேர், அதுல எங்க இடம் இருக்குங்களா?"

சிரித்துவிட்டேன். எனக்கு மேலே இருந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தேன், அவர்களும் சிரித்தார்கள். பதில் மட்டும் ஒருவரிடமும் இல்லை. ஆனாலும் தினமும் ஏதோ ஒன்றைச் சொல்லி வைத்தேன். ஜன்னலால் எட்டிப் பார்ப்பேன், மேகத்தைப் பார்ப்பேன், "இன்றைக்குப் பரவாயில்லை அக்கா" என்பேன். அவர் அதைத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் போய், "ஆபீஸ்ல சொல்லிட்டாங்க" என்று அறிவிப்பாராம். என் வாய்க்கு வந்தது அங்கே அரசாங்கத்தின் வாக்காகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அவருக்கு அந்தக் கவலை ஏன் என்பது பிறகுதான் தெரிந்தது. மகள் நிறைமாதம். லயத்திலிருந்து பெரிய வீதிக்கு வர ஓர் ஓடையைக் கடக்க வேண்டும். அதன் குறுக்கே முழங்கால் உயரத்தில் ஒரு சப்பாத்துப் பாலம், கைப்பிடி கிடையாது. தண்ணீர் ஏறினால் பாலம் மூழ்கிவிடும், கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. இதற்காகத்தான் இத்தனை தொலைபேசி அழைப்பும். எனக்கோ ஒவ்வொரு காலையும் ஒரே தொந்தரவு என்று எரிச்சல்.

மாசி கடைசியில் ஒரு வாரம் வந்தது. அப்படியொரு கெட்ட வாரத்தை அந்தப் பக்கத்தில் நான் கண்டதில்லை. விடியற்புறம் பல் கிட்டும் குளிர், பத்து மணிவரை பனிமூட்டம், பிறகு அரை மணி நேரம் கண்ணைக் கூசும் வெயில், அதற்குப் பிறகு என்ன வருமென்று யாருக்கும் தெரியாது. இலை உதிர்ந்து நின்ற றப்பர் மரங்களில் தளிர் அப்போதுதான் விட்டிருந்தது. ஈர உடுப்பு காயவில்லை. எனக்குத் தடிமன், தலையிடி, வீட்டு நினைப்பு வேறு. ஊருக்கு மாற்றம் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. அந்த வாரம் முழுக்க மேசையில் தலையை வைத்துப் படுத்துவிடலாம் போலிருந்தது.

புதன்கிழமை ஏழேகாலுக்கு அவர் அழைத்தார்.

"சேர், மகளுக்கு வெள்ளிக்கிழமைதான் தேதி. மருமகப்புள்ள கொழும்புல வேலை, நாளைக்குக் காலையில வந்துருவாரு. அவரு வந்தப்பெறகு போவோம்ங்கிறா. எனக்கு மனசு கேக்கல. த்ரீவீலர்காரரு வாசல்ல நிக்கிறாரு. இன்னைக்கே கூட்டிக்கிட்டுப் போகவா, நாளைக்குப் போகவா?"

அறிவித்தலைப் பார்த்தேன். அதே வசனம். ஜன்னலால் பார்த்தேன், அவர்களுடைய மலைச்சரிவில் வெயில் விழுந்திருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன்: "உங்கட பக்கம் மழை இல்லை அக்கா. பயப்பிடாதேங்கோ. ஆறுதலா நாளைக்குப் போங்கோ."

"நிச்சயமாங்களா சேர்?"

"ஓமோம்."

"அனே, புண்ணியமாப் போகும் சேர்" என்றார். நான் தொலைபேசியை வைத்துவிட்டுத் தேநீரைக் குடித்தேன். அது ஆறிப்போயிருந்ததில் எனக்கு அவர்மேல் கோபம்.

நான் சொன்னது பொய்யில்லை, அதுதான் கொடுமை. அன்று அவர்கள் லயத்தில் ஒரு சொட்டு மழை விழவில்லை. விழுந்தது மேலே, சிவனொளிபாத மலைப் பக்கம். என் ஊரில் ஆறு கிடையாது. மழை பெய்த இடத்தில் வெள்ளம் நிற்கும், பெய்யாத இடம் காய்ந்து கிடக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த மழை. எங்கோ மலையுச்சியில் பெய்வது வெயிலடிக்கும் ஊரின் பாலத்தை மூழ்கடிக்கும் என்பது, நான்கு வருடம் அந்த மண்ணில் சம்பளம் வாங்கியும், என் புத்தியில் உறைக்கவில்லை. ஒரு தோட்டத்துப் பிள்ளையைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். அந்த அம்மாவுக்கும் அது தெரிந்ததுதான். ஆபீசில் இருக்கிற சேர் மலையையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்லுகிறார் என்று நம்பிவிட்டார்.

வியாழக்கிழமை காலை தொலைபேசி அடிக்கவில்லை. அப்பாடா என்று நிம்மதியாகத் தேநீர் குடித்தேன். இதை எழுதவே கூசுகிறது. மதியம் கிராம சேவகர் வந்து சொல்லித்தான் தெரியும். புதன் பின்னேரம் மூன்று மணிக்கு மகளுக்கு வலி கண்டிருக்கிறது. ஓடைக்கு வந்தால் செம்மண் தண்ணீர், பாலத்தைக் காணோம். நான்கு ஆண்கள் அவளைக் கதிரையில் வைத்துக் கட்டித் தூக்கிக்கொண்டு, றப்பர் மலை ஏறி இறங்கி, மேல் தோட்டத்து உயரப் பாலத்தால் சுற்றியிருக்கிறார்கள். இரண்டரை மணி நேரம். ஆஸ்பத்திரியில் தாயைக் காப்பாற்றிவிட்டார்கள். பெண் குழந்தை. அது உயிரோடு பிறக்கவில்லை.

அன்று பின்னேரம் லயத்துக்குப் போக வேண்டுமென்று சப்பாத்தை மாட்டிவிட்டு, பிறகு கழற்றிவிட்டேன். எந்த முகத்தோடு போவது? அதன்பின் எனக்கு மாற்றம் கிடைத்து ஊரோடு வந்துவிட்டேன். இப்போதும் மொழிபெயர்ப்புத்தான், இப்போதும் அதே வசனம்தான் வருகிறது. பக்கத்து மேசைப் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஒரு வானிலைப் படத்தைப் பார்த்து, "சேர், நாளைக்கு மழை இல்லை" என்று அடித்துச் சொல்லுவார்கள். எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வருவேன்.

அந்த வியாழனுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை ஏழேகாலுக்கு அவர் அழைத்தார். திட்டட்டும் என்று எடுத்தேன்.

"சேர், தலைவி பேசுறேன். புள்ளைய ஆஸ்பத்திரியில குடுத்துட்டாங்க. இன்னைக்கு இங்க கொண்டாந்து அடக்கம் பண்ணணும். மத்தியானத்துக்கு மேல தண்ணி ஏறுங்களா?"

அறிவித்தல் முன்னால்தான் கிடந்தது. அதைக் கவிழ்த்து வைத்தேன்.

"எனக்குத் தெரியாது அக்கா" என்றேன். "உண்மையா எனக்குத் தெரியாது."

அவருக்குப் பின்னால் யாரோ சிங்களத்தில் வாகனத்தைத் திருப்பச் சொல்லுவது கேட்டது. பிறகு அவர் பேசினார். குரலில் கோபம் இல்லை. களைத்துப்போன ஒருத்தி கேட்பது மாதிரித்தான் கேட்டார்.

"இதையே புதன்கிழமை சொல்லியிருந்தீங்கன்னா, நான் அப்பவே கூட்டிக்கிட்டுப் போயிருப்பேனே சேர்?"