பேரிங் துளையில் சந்தனம்

குப்புசாமி அண்ணன் போய்விட்டார் என்று போன் வந்தபோது, நான் கடையில் ஒருவருக்கு பிஸ்டன் பெட்டியை நீட்டிக்கொண்டிருந்தேன். நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, பெட்டியைப் பிரித்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். பிறகுதான் அழுகை வந்தது.

நாமக்கல்லில் அவரிடம் காரை இன்ஜின் வேலைக்கு விட்ட உங்களுக்கெல்லாம் தெரியும். புதுச் சாமானைப் பழையதோடு வைத்துப் பார்க்காமல் அவர் பூட்ட மாட்டார். உதிரிபாகக் கடைக்காரனான என் பாடுதான் திண்டாட்டம். கூட்டம் நிற்கும்போது எல்லாப் பெட்டியையும் பிரித்து, அளந்து, துளைகளில் மெல்லிய கம்பி விட்டுப் பார்ப்பார்.

"பொண்ணு பாக்க வர்றவங்ககூட இத்தனை பாக்க மாட்டாங்கண்ணா" என்று பத்துப் பேர் முன்னால் நக்கலடிப்பேன்.

"பொண்ணு புடிக்கலீன்னா வாயத் தொறந்து சொல்லுமுங்க மொதலாளி. பேரிங் சொல்லாதுங்களே" என்பார். அளப்பது மட்டும் நிற்காது.

போன வருடம் என் காருக்கே இன்ஜின் இறக்கினோம். பேரனுக்கு ஜேடர்பாளையத்தில் காதுகுத்து. குடும்பமே அந்தக் காரில்தான் போக வேண்டும். சாமானெல்லாம் என் கடையில் நானே பொறுக்கியவை. சாமி முன்னால் வைத்து, பெட்டிகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். "இதையாச்சும் பாக்காமப் பூட்டுங்கண்ணா" என்று வீறாப்பாகச் சொல்லியும் அனுப்பினேன்.

மறுநாள் பட்டறைக்குக் கூப்பிட்டு ஒரு பேரிங்கைக் கையில் கொடுத்தார். எண்ணெய் போக வேண்டிய துளையை என் சந்தனம் காய்ந்து கெட்டியாக அடைத்திருந்தது. அப்படியே பூட்டியிருந்தால் பாதி வழியில் இன்ஜின் இறுகி, பேரனோடு நடுரோட்டில் நின்றிருப்போம்.

"பொட்டு, பெட்டிக்கு வையுங்க மொதலாளி. உள்ளார நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார், கடையின் மானம் போகும் என்று பயந்துகொண்டே இருந்தேன். காதுகுத்துக்கு வந்து கறிச்சோறு சாப்பிட்டபோதும் அதைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. பத்துப் பேர் முன்னால் அவரை நக்கலடித்தவன் நான்.

காரியத்தன்று அவர் படத்துக்குச் சந்தனப் பொட்டு வைக்கப் போனேன். சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி முறைத்தார். வேறு வழியின்றி எல்லாவற்றையும் சொன்னேன்.

"அதுங்களா? அன்னைக்கே எங்கிட்டச் சொல்லி வயிறு வலிக்கச் சிரிச்சாருங்க. வெளிய சொல்லிறாத புள்ள, நல்ல கடை, பேரு கெட்டுருமுன்னாரு" என்று அண்ணியும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

துளை பார்க்கும் அந்தக் கம்பியை அண்ணியிடம் கேட்டு வாங்கி வந்தேன். கடை மேசையில் இருக்கிறது. இப்போது ஒவ்வொரு பெட்டியையும் பிரித்துப் பார்ப்பவன் நான்தான், நக்கலடிப்பது கூட்டம்.