அத்தைக்காகப் போட்ட டயர்

என் ஒன்பதாவது வயதில் சித்தப்பாவின் ஜீப்புக்கு நான்கு டயரிலும் காற்றை இறக்கிவிட்டேன். இதை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் அந்த ஒரு நாள் பெருமையும் மனுஷனுக்கு இல்லாமல் போய்விடும்.

அப்போது முத்தையாபுரத்தில் நாங்கள் எல்லாரும் ஒரே வீடு. அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, பிள்ளைகள் ஐந்து பேர், அப்பாவின் தங்கையான அத்தை என்று பத்துப் பேருக்கு ஒரு கூடம், ஒரு மின்விசிறி. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அத்தைக்கு ஒரு கால் சூம்பிவிட்டது. கம்பு ஊன்றித்தான் நடப்பாள். வாய்க்குக் கம்பு தேவைப்படவில்லை. கூடத்து மூலையில் மோட்டார் வைத்த தையல் மிஷினில் தெருவுக்கே ரவிக்கை தைத்துக்கொண்டு, அடுப்பில் பால் பொங்குவதிலிருந்து எங்கள் வீட்டுப்பாடம் வரைக்கும் அவள்தான் கவனிப்பாள். "அத்த, சீப்பு எங்க?" "யக்கா, சாவி எங்க?" என்று காலையில் தொடங்கினால் விளக்கை அணைக்கும்வரை ஓயாது.

பங்குனி உத்திரத்துக்கு மட்டும் அவள் எங்களோடு வரமாட்டாள். எங்கள் குலதெய்வமான சாஸ்தா, உடன்குடிக்கு அப்பால், தேரி என்கிற செம்மணல் காட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார். தார் ரோடு முடிகிற இடத்தில் வண்டியை விட்டுவிட்டுச் செம்மணலில் ஒரு மைல் நடக்க வேண்டும். அத்தை கம்பை ஊன்றினால் பாதிக் கம்பு உள்ளே போய்விடும். அதனால் வருடா வருடம் வாசலில் நின்று, "நல்லா கும்பிட்டுட்டு வாங்க. ஒண்ணும் அவசரமில்ல, மெதுவாவே வாங்க" என்று கையசைப்பாள். தெருமுனை திரும்புவதற்குள் அம்மா கண்ணைத் துடைப்பாள். "பாவம், ஒத்தையில கெடக்கும்" என்பாள் சித்தி. இதைக் கேட்டுக் கேட்டுச் சித்தப்பாவுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

ஜீப் ஓர் உப்பளக்காரரிடமிருந்து வாங்கியது. நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி, என்னைவிட வயதில் மூத்தது. "இழுவைக்கு ஒரு கொறையுமில்ல. டயருதான் சின்னது" என்று சித்தப்பா ஒரு நாள் கண்டுபிடித்தார். துறைமுக லாரிகளுக்கு டயர் மாற்றும் கடையில் சொல்லி வைத்து, என் நெஞ்சு உயரத்துக்கு நான்கு டயர்களைக் கொண்டுவந்து இறக்கினார். மாட்டிப் பார்த்தால் மட்கார்டில் உரசியது. ரம்பத்தை எடுத்து மட்கார்டை அறுத்தார். அதற்குப் பிறகும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உரசியது. ஆகவே தெருமுனையில் திரும்ப மூன்று தடவை முன்னும் பின்னும் போய்வர வேண்டியதாயிற்று. வண்டி வேறு உயர்ந்துபோய், ஏறுவதற்கு ஸ்டூல் போட வேண்டியிருந்தது.

"தம்பி, இதுல ஏறதுக்குப் பனை ஏறப் படிச்சிட்டுத்தான் வரணும் போலுக்கே" என்றாள் அம்மா.

சித்தப்பா அசரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கட்டடத்துக்கு இறக்கியிருந்த மணல் குவியலில் ஜீப்பை ஏற்றி இறக்கி, அவரிடம் வண்டி வண்டியாக வசவும் வாங்கிக்கொண்டு, நேராக அத்தையிடம் வந்தார்.

"யக்கா, இந்த உத்திரத்துக்கு நீ சாமிக்கு முன்னாலயே போயி எறங்குத. மணல்ல ஒன் காலு படாது."

அம்மாவும் சித்தியும் முந்தானையை எடுத்தார்கள். அத்தை மட்டும் மிஷினை நிறுத்திவிட்டு, "நான் எதுக்குலே? வீட்டுக்கு ஆளு வேண்டாமா?" என்றாள்.

"பூட்டிட்டுப் போவோம்."

"பால்காரன் வருவான்."

"வராதன்னு சொல்லியாச்சு."

"ஜீப்பு குலுக்கினா எனக்கு வாந்தி வரும்."

"எலுமிச்சங்கா கையில வச்சுக்க."

எதைச் சொன்னாலும் தம்பியிடம் பதில் தயாராக இருந்தது. டயர் வாங்கியவன் இதற்கெல்லாமா மயங்குவான்?

உத்திரத்துக்கு முந்தின நாள் அத்தை என்னை மிஷின் பக்கத்தில் கூப்பிட்டு, தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள். "ஏளா, சைக்கிள்ல காத்து கொறஞ்சா என்ன ஆவும்?"

"மிதிக்க முடியாது."

"மணல்ல?"

"நகரவே நகராது."

"அதான். இந்த ஒரு வருசம் போனாப் போவுது. தேரி முனையிலயே வண்டி பொதஞ்சு நின்னுட்டுன்னு வையி, இனி ஆயுசுக்கும் இவன் என்னயக் கூப்பிட மாட்டான்."

"நீ ஏன் அத்த வரமாட்டேங்க? அங்க பொங்கல் தருவாங்கல்லா?"

"சொன்னதச் செய்யி. பாவாடைக்கு மூணு அடுக்கு பிரில் வச்சுத் தாரேன்."

மூன்று அடுக்கு பிரிலுக்கு நான் கப்பலையே கவிழ்த்திருப்பேன். மறுநாள் விடியற்காலையில் எல்லாரும் குளியலறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, தீக்குச்சியால் வால்வை அமுக்கி, ஒவ்வொரு டயருக்கும் இருநூறு எண்ணினேன். அத்தை வாசலில் கோலம் பார்ப்பதுபோல் காவல் நின்றாள்.

பத்துப் பேரும் ஏறியதும் அம்மா எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, டயரு சப்பினாப்ல இருக்கு?" என்றாள்.

"பத்துப் பேரு ஏறினா சப்பாதா மதினி?" என்று சித்தப்பா வண்டியை எடுத்துவிட்டார். வழியெல்லாம் பீற்றல் வேறு. "பாத்தியளா? பெரிய டயருன்னா இதான். ஒரு குலுக்கல் இருக்கா?"

இல்லைதான். தொட்டிலில் போவதுபோல் போனோம். அத்தை எலுமிச்சம்பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டு நிம்மதியாக வந்தாள்.

தார் ரோடு முடிந்தது. சித்தப்பா சாஸ்தாவைக் கும்பிட்டு, நான்கு சக்கரமும் இழுக்கிற கியரைப் போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி புதையவில்லை! உறுமிக்கொண்டு மணல்மேல் ஏறியது. ஒரு வேன் அச்சுவரைக்கும் புதைந்து கிடக்க, அதன் ஆட்கள் தள்ளித் தள்ளி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அவர்களைத் தாண்டி, கோயில் வேப்பமரத்தடியில் போய் நின்றோம். அம்மா குலவையே போட்டுவிட்டாள்.

அங்கே விறகு இறக்கிக்கொண்டிருந்த டிராக்டர்காரர் எங்கள் டயரைச் சுற்றிவந்து பார்த்தார். "காத்த எறக்கிட்டுதான வந்திய? வெவரமான ஆளுதான் அண்ணாச்சி. டயரு பரந்து மிதிச்சாத்தான் மணல்ல ஓடும். முழுக்காத்தோட வந்தவனெல்லாம் அங்கன பொதஞ்சு கெடக்கான்."

சித்தப்பா டயரைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். "பின்ன? இது தெரியாமலா தேரிக்குள்ள வண்டிய விடுவோம்?" என்றார்.

அத்தை என்னைப் பார்த்த பார்வையில் பிரில் மூன்றும் போயிற்று என்று தெரிந்துகொண்டேன். மகாபாவி நான், இன்னும் நூறு எண்ணியிருக்கலாம். ஆனாலும் அத்தை ஒரு குறையும் வைக்கவில்லை. கல் பாவிய பிராகாரத்தில் கம்பை ஊன்றி மூன்று சுற்று வந்தாள். பொங்கலை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். சாமியிடம் என்ன கேட்டாய் என்று அம்மா கேட்டதற்கு, "ஒண்ணும் கேக்கல. பாத்துட்டேன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கூடம் முழுக்க மணலும் பையும் பிள்ளைகளுமாக நிறைந்துபோனது. சித்தி காப்பித்தூள் டப்பாவைத் தேடினாள். அத்தை அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது. என்னதான் பிரில் போனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை.

"காலு வலிக்கா அத்த?"

"இல்லளா. வருசத்துக்கு ஒரு நாளு. அதும் போச்சே."

உத்திரம் முடிந்துபோன வருத்தம் என்று நினைத்தேன். ஓடிப்போய்ச் சித்தப்பாவிடம், அத்தைக்குக் கோயிலை விட்டுவர மனசே இல்லை, அடுப்படியில் அழுதுகொண்டிருக்கிறாள் என்று சொன்னேன். சித்தப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "அடுத்த உத்திரத்துக்கு யக்காவக் கூட்டிட்டுப் போயி ரெண்டு நாளு அங்கனயே தங்குதோம்" என்று அறிவித்தார். பிள்ளைகள் எல்லாரும் கூச்சல் போட்டோம்.

பத்துப் பேர் வீட்டில் அவளுக்கென்று முழுசாக இருந்த ஒரே நாளை, பாவம் பாவம் என்று சொல்லியே பிடுங்கிக்கொண்டோம் என்பது, எனக்கென்று ஒரு வீடும் அது நிறைய ஆட்களும் வந்த பிறகுதான் புரிந்தது. அன்றைக்கு, அத்தைக்கு ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட சந்தோஷத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துப் படுத்துத் தூங்கிவிட்டேன்.