ஆறாவது காம்பரா

2024 பெப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, காலை 9.40. பனி விலகியிருந்தது, காற்று மட்டும் கடித்தது. ராகலையிலிருந்து ஆட்டோ பிடித்து, நான் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்தின், தொழிலாளர் வரிசை வீடுகளின், முன் இறங்கினேன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் படமே கிடையாது. மனைவியும் இறந்த பிறகு, அவர்கள் புழங்கிய கதவையாவது படம் எடுத்து நுவரெலியா வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்ற நினைப்பு என்னை விடவில்லை.

லயத்தில் குடும்பத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு ஒற்றை அறைகள், பன்னிரண்டு காம்பராக்கள். கோயில் பக்கமிருந்து ஆறாவது எங்களுடையது. சந்தேகம் வந்து இரண்டாம் முறையும் எண்ணினேன்.

கமெராவை எடுத்ததும் எல்லாக் கதவும் திறந்தன. ஆறாவது வாசலில் நின்ற பெண் தன் இரண்டு பிள்ளைகளையும் இழுத்து முன்னால் நிறுத்தினாள்.

"தகரம் ஓட்டையா இருக்கிறது தெரியுற மாதிரி எடுங்க ஐயா. புது வீட்டு லிஸ்ட்டுக்குத்தானே?"

"இதோட அஞ்சு வாட்டி எடுத்தாச்சு. படம் வருது, வீடுதான் வரக் காணோம்" என்றாள் பக்கத்து வாசல்காரி. எல்லோரும் சிரித்தார்கள்.

நான் அந்த ஆள் இல்லை, இதே காம்பராவில் பிறந்தவன் என்றேன். சிரிப்பு நின்றது. பிள்ளைகள் உள்ளே போனார்கள்.

"பாத்தியத கேக்க வந்திருக்கீங்களா?" என்றாள் ஆறாவது வாசல் பெண்.

லயத்துக் காம்பராவுக்கு உறுதி, பத்திரம் எதுவும் கிடையாது. இருக்கிறவர்களுக்குத்தான் வீடு. பழைய குடும்பம் திரும்பி வந்தால் அவர்களுக்குப் பயம். அங்கே பிறந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

"இல்லம்மா, ஒரே ஒரு படந்தான்."

"இன்னைக்குப் படம்பீங்க. நாளைக்கு அதக் காட்டி எங்க வீடும்பீங்க. நாங்க புள்ளைங்களோட எங்க போறது?"

அப்பா பேரைச் சொன்னேன். யாருக்கும் தெரியவில்லை.

பக்கத்து வாசல்காரிதான் வழி சொன்னாள். "எல்லாரும் கேக்க, தனக்கு இது சொந்தமில்லன்னு சொல்லிட்டு எடுக்கட்டும்."

முற்றத்தில் பத்தொன்பது பேர். சத்தமாகவே சொன்னேன்.

"இந்தக் காம்பரா எனக்குச் சொந்தமில்லைங்க. இங்க எனக்கு யாரும் இல்லைங்க."

முதலாவதை மட்டும்தான் சொல்லச் சொன்னார்கள். இரண்டாவது தானாக வந்துவிட்டது.

"சரி, எடுங்க. ஆனா நான் நகர மாட்டேன்."

ஆறாவது வாசல் பெண் இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றாள். அப்படியே எடுத்தேன். வெறும் கதவு கிடைக்கவில்லை.

படம் இப்போது கட்டிலுக்கு எதிரே தொங்குகிறது. அதில் அந்தப் பெண் என்னை உள்ளே விடாமல் நிற்கிறாள். போகவர பஸ் 260, ஆட்டோ 1,400, சட்டம் போட்ட பிரதி 1,850. மொத்தம் மூவாயிரத்து ஐந்நூற்றுப் பத்து ரூபாய்.